'முதல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது? குரூப் தேர்வுக்கு ஒலிம்பிக் வரலாறு படிப்பவர்களுக்கு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ அண்ணா நகர் பயிற்சி மையத்திலோ கைமாறும் ஜெராக்ஸ் நோட்ஸில் விளையாட்டுப் பகுதி வெறும் ஆண்டு, பெயர், பதக்கம் என்றுதான் ஓடும். அதை அப்படியே மனப்பாடம் செய்தால் தேர்வறையில் குழப்பம்தான் மிஞ்சும். இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: 'சுதந்திர இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் வீரர் யார்?' விடைகளாக நார்மன் பிரிட்சர்ட், கே.டி. ஜாதவ், ராஜ்யவர்தன் சிங் ரத்தோர், அபினவ் பிந்த்ரா. நான்கு பேருமே ஏதோ ஒன்றில் 'முதல்'தான்!

'சுதந்திர' என்ற சொல் இருப்பதால் விடை ஜாதவ்: 1952 ஹெல்சின்கி, மல்யுத்த வெண்கலம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் 1900 பாரிஸில் 200 மீட்டர், 200 மீட்டர் தடை ஓட்டம் இரண்டிலும் வெள்ளி வென்ற பிரிட்சர்ட். (சர்வதேச ஒலிம்பிக் குழு அவரை இந்தியாவின் கணக்கில்தான் வைத்திருக்கிறது.) 'சுதந்திர', 'வெள்ளி' இரண்டும் சேர்ந்து வந்தால் 2004 ஏதென்ஸ், ரத்தோர். 'தனிநபர் தங்கம்' என்றால் 2008 பெய்ஜிங், பிந்த்ரா. 'பெண்' என்றால் 2000 சிட்னி, கர்ணம் மல்லேஸ்வரி. 'தடகளத் தங்கம்' என்றால் நீரஜ் சோப்ரா. கேள்வியைப் படிக்கும்போதே அடைமொழியைப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். ஐந்து நொடி வேலைதான்.

ஹாக்கியில் வேறொரு சறுக்கல். தொடர்ந்து ஆறு தங்கம் என்று படித்துவிட்டு, 1928-இலிருந்து நான்கு நான்காகக் கூட்டுகிறார்கள். 1940, 1944 என்று போய்விடுகிறது. போரால் அந்த இரண்டு ஒலிம்பிக்கும் நடக்கவே இல்லை. மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து வையுங்கள்: போருக்கு முன் 1928, 1932, 1936, பின் 1948, 1952, 1956, தனித்தனியாக 1964, 1980. நடுவில் 1960 ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்று வெள்ளி. 1948-ஐ மட்டும் இரட்டைக் கோடு போட்டு வையுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. இறுதிப் போட்டியில் பிரிட்டனை அதன் சொந்த மண்ணிலேயே 4-0 என வீழ்த்தினோம். 1980 மாஸ்கோவில் தலைவர் நம் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன். இதுவரை ஹாக்கியின் கடைசித் தங்கமும் அதுதான்.

போட்டியின் பெயரில் உள்ள ஆண்டும் நடந்த ஆண்டும் மாறுவதைக் கவனியுங்கள். டோக்கியோ 2020 நடந்தது 2021-இல். ஹாங்சோ ஆசிய விளையாட்டு 2022 நடந்தது 2023-இல்; 28 தங்கத்துடன் 107 பதக்கம். காலவரிசைக் கேள்விகளில் இது கண்டிப்பாகக் காலை வாரும். ஆசிய விளையாட்டை டெல்லி நடத்திய ஆண்டுகள் 1951, 1982, காமன்வெல்த் 2010. 1995-இல் தெற்காசியப் போட்டி நம் ஊரில் நடந்தபோது ஊரின் பெயர் மெட்ராஸ், இதையும் மறக்க வேண்டாம்.

பாராலிம்பிக்கைப் பலர் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் அதிகம் வரும் இடத்தை இப்படி ஒதுக்குவது வருத்தமாக இருக்கிறது. உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இறங்குவரிசையாக வருவதால் எளிதில் நினைவில் நிற்கும். பாரிஸ் 2024 பேட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் முரளிகாந்த் பெட்கர், 1972, நீச்சல்.

நோட்டில் ஒரு பக்கம் போதும். இடப்பக்கம் அடைமொழி, வலப்பக்கம் பெயரும் ஆண்டும். வலப்பக்கத்தை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். மறுநாள் இடப்பக்கத்தை மூடுங்கள். இரண்டாவதில்தான் திணறுவீர்கள். பெயரைப் பார்த்து அடைமொழியைச் சொல்ல வராத வரிகளை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, தேர்வன்று மின்சார ரயிலில் போகும்போது அதை மட்டும் பாருங்கள்.