நம்பர் எப்படிக் கிடைத்தது?

வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் எங்கள் ஆபீஸின் உள்ளகப் புகார் குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் இப்படியொரு குழு இருந்தாக வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். லிஃப்ட் பக்கத்தில் அதற்கொரு போஸ்டரும் உண்டு. நின்று படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கேபினுக்குள்ளும் கேன்டீனிலும் நடப்பவைதான் புகாராக வரும் என்று நினைத்திருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை போன் வழியாக நடந்தவை. யாருக்கு, என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். சட்டத்தின் 16ஆம் பிரிவும் அதை அனுமதிக்காது. ஆனால் தொடக்கம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஷிஃப்ட் விவரம் போட ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். அதில் சேராவிட்டால் வேலை ஓடாது. சேர்ந்த அன்றே ஒரு பெண்ணின் சொந்த நம்பர் முன்பின் தெரியாத பலர் கைக்குப் போய்விடும். முதலில் ‘குட் மார்னிங்’. அப்புறம் ‘டிபி சூப்பர்’. அப்புறம், ‘ஆன்லைன்லதானே இருக்கீங்க, ஏன் பதில் இல்ல?’ அனுப்புகிறவர் டீம் லீடர் என்றால் பிளாக் செய்யவும் வழியில்லை. நாளைய ஷிஃப்ட் அந்த நம்பரிலிருந்துதானே வர வேண்டும்!

“ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து அனுப்பினேன், இது எப்படி ஆபீஸ் விஷயம்?” என்பார்கள் விசாரணையில். குழுவின் வெளி உறுப்பினராக இருந்த வக்கீல் அம்மா அதிகம் பேச மாட்டார். “அந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?” என்று மட்டும் கேட்பார். பதில் வர நேரமாகும்.

புகார் தர 3 மாதம்தான் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். ‘தானாக நின்றுவிடும்’ என்று காத்திருந்தே பலருக்கு அந்த நாட்கள் கழிந்துவிடுகின்றன. சிலர் அருவருப்பில் சாட் முழுவதையும் அழித்துவிட்டு வருவார்கள். அது புரிகிறது. ஆனாலும் தேதியும் நம்பரும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் இருந்தால் விசாரணை எவ்வளவோ சுலபம். இணையவழியில் பின்தொடர்ந்து தொல்லை தருவது தனிக் குற்றமும்கூட, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. போலீசுக்குப் போவதா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதித் தர உதவுவது கம்பெனியின் கடமை.

வருடாந்திரப் பயிற்சி வகுப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. “அப்போ குட் மார்னிங்கூட சொல்லக் கூடாதா சார்?” என்று ஒருவர் கேட்பார், ஹால் சிரிக்கும், டீ பிரேக் வந்துவிடும். ஷிஃப்ட் பட்டியலை நம்பர் தெரியாத ஒரு ஆப்புக்கு மாற்றியதுதான் உண்மையில் பலன் தந்தது. இரவு கேப் டிரைவருக்குப் பெண்களின் நம்பர் போவதையும் நிறுத்தச் சொன்னோம். பட்ஜெட் இல்லை என்றது நிர்வாகம். அந்தப் பதிலை அப்படியே கூட்ட மினிட்ஸில் எழுதி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்கச் சொன்னார் வக்கீல் அம்மா. அடுத்த காலாண்டில் பட்ஜெட் வந்துவிட்டது.