பால்வாடி கேட்டோம், கட்டிடம் கேட்டதாக எழுதிவிட்டார்கள்

எங்கள் குடியிருப்பில் எண்பத்தைந்து வீடு. தாய்க் கிராமத்தின் அங்கன்வாடி இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி பிறந்தால் அதில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் யார் போய்வர முடியும்? மாதம் ஒருமுறை சத்துமாவு வாங்கப் போவதோடு சரி. முட்டையும் இல்லை, பாட்டும் இல்லை, விளையாட்டும் இல்லை.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் பதினான்கு பெண்கள் எழுந்து நின்று எங்களுக்குத் தனியாக ஒரு பால்வாடி வேண்டும் என்று கேட்டோம். கை தட்டினார்கள், தீர்மானமும் போட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு தப்புக்குத்தான் நாலு மாதம் தெண்டம் அழுதோம்.

அதில் எழுதியிருந்தது, ‘அங்கன்வாடி கட்டிடம் கட்டித் தர’. அதன் நகலை இணைத்து, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தோம். கட்டிடம் என்று இருந்ததால் மனு நேராக ஒன்றிய அலுவலகப் பொறியியல் பிரிவுக்குப் போய்விட்டது. இரண்டு முறை பஸ் ஏறிப் போனோம். ஒரு தரம் சார் சைட்டில் இருந்தார், இன்னொரு தரம் மீட்டிங்கில் இருந்தார். ஜனவரியில் பதில் வந்தது: மேற்படி குடியிருப்பில் மையம் ஏதும் செயல்படாததால் கட்டிடம் கட்ட வழியில்லை. மையம் இல்லை என்றுதானே மனுவே கொடுத்தோம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இனி கேட்கப் போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மையம் வேறு, கட்டிடம் வேறு. மையத்துக்கு அனுமதி கொடுப்பது குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்காரர்கள், கட்டிடம் கட்டுவது ஒன்றியம். முதலில் ‘புதிய குறு அங்கன்வாடி மையம்’ என்று கேளுங்கள். வாடகை இடத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ மையம் ஓடத் தொடங்கட்டும், கட்டிடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கிராமப்புறத்தில் 150 முதல் 400 பேர் வரை இருக்கும் குடியிருப்புக்குக் குறு மையம் என்பது விதி. நாங்கள் 340 பேர்.

ஜனவரி 26 கிராம சபையில் மறுபடி தீர்மானம். இந்த முறை எழுதுகிறவர் பக்கத்திலேயே நின்று, வரிக்கு வரி படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.

மாசி மாதம் கணக்கெடுக்க வந்தார்கள். எங்கள் ஊரில் பாதி வீடு தை மாதமே பூட்டிவிடும். செங்கல் சூளைக்குப் பிள்ளை குட்டியோடு போனால் ஆனியில்தான் திரும்புவார்கள். பூட்டிய வீட்டையெல்லாம் ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். போதாதற்கு, மையத்துக்கு வந்து உட்காரும் வயசு என்று இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். மொத்தம் 19. ‘போதிய குழந்தைகள் இல்லை’ என்று கோப்பை மூடிவிட்டார்கள். அந்த 19 கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டு வாங்கிய தாளில்தான் தெரிந்தது.

அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெம்பு வந்தது. 2006 டிசம்பர் 13 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டிருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் கொடுக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட என்றால் கைக்குழந்தையும் சேர்த்திதான். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து நீட்டியதும் கிளார்க், “இதெல்லாம் டெல்லியில போட்டதும்மா” என்றார். டெல்லியில் போட்டது இந்த ஆபீசுக்குச் செல்லாதா என்று கேட்டதற்கு அவர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

அவரோடு மல்லுக்கு நிற்காமல் பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தோம். எங்களுக்கு வழி சொன்னது கிராம நர்ஸம்மா. “வாயால சொன்னா எழுத மாட்டாங்க, ஊசி அட்டையைக் காட்டுங்க” என்றார். ஆனியில் சூளைக்காரர்கள் வந்து இறங்கிய வாரமே வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் ஜெராக்ஸ் எடுத்தோம். அட்டை தொலைந்த மூன்று பிள்ளைகளுக்கு அவருடைய பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். எண்ணினால் 46. புதுப் பட்டியலோடு மறு ஆய்வு கேட்டோம். வந்த மேடம் இந்த முறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று டிக் அடித்தார். 46-ம் சரியாக வந்தது. பூட்டியிருக்கும் ஊரில் கணக்கெடுக்க விடாதீர்கள், தேதியை நீங்களே சொல்லிக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த தொல்லை நாங்கள் எதிர்பாராதது. எங்கள் பிள்ளைகளின் பெயரெல்லாம் தாய்க் கிராம மையத்தின் பதிவேட்டில் இருந்தது. அங்கே எடுக்காமல் இங்கே சேர்க்க முடியாது என்றார்கள். அங்கிருக்கும் டீச்சரக்காவோ, “உங்க புள்ளைங்க போயிட்டா என் சென்டர்ல பதினொண்ணுதான் நிக்கும். நாளைக்கு என்னை எங்க தூக்கிப் போடுவாங்களோ” என்று கண் கலங்கினார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியவில்லை. மேலிருந்து எழுத்தில் உத்தரவு வந்த பிறகுதான் பெயர்களை எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இடத்துக்குப் பூட்டிக் கிடந்த பழைய டிவி ரூமைக் காட்டினோம். ஊராட்சியில் தடையில்லாச் சான்று ஒரே நாளில் கிடைத்தது, அதிசயம்தான். வெள்ளையடித்து, குழாயும் நாங்களே போட்டுக்கொண்டோம். புது மையத்துக்கு அனுமதி வராது, வேறிடத்தில் பிள்ளை இல்லாமல் கிடக்கும் குறு மையத்தைத்தான் இங்கே மாற்றுகிறோம் என்றார்கள். எங்கிருந்து வந்தால் என்ன?

கார்த்திகையில் திறந்தார்கள். குறு மையம் என்பதால் உதவியாளர் கிடையாது. சமைப்பதும் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும் மூக்கைத் துடைப்பதும் ஒரே அக்காதான். எங்களில் ஒருத்தி முறை வைத்துக் காலையில் போய் காய் நறுக்கிக் கொடுக்கிறோம். எடை பார்க்கும் மெஷின் இன்னும் வரவில்லை. அதற்கு மனு தயார், இந்த முறை வார்த்தையை நாலு பேர் படித்துப் பார்த்தாகிவிட்டது.

முதல் கிராம சபைக்கு நான் மடியில் தூக்கிப் போன என் மகளுக்கு வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. ஏழு மாதம்தான் அவளுக்குப் பால்வாடி. முதல் நாள் கொடுத்த முட்டையைத் தின்னாமல் பாவாடையில் முடிந்துகொண்டு வந்து, தம்பிக்கு என்று நீட்டினாள்.