கேஸ் போகவில்லை

மே 9, வெள்ளி, கிருஷ்ணகிரி

ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்து காய்கறி டப்பா வரை இறங்கியிருந்தது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மாவு பொங்கினால் அதற்குப் பெயர் அலமாரி. ஆனால் மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாகத்தான் இருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், "கேஸ் போயிடுச்சு சார், ஏத்தணும்" என்றார். கேஸ் போயிருந்தால் மேலே ஐஸ் எப்படிக் கட்டும்? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மே 10, சனி

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினேன். குளிர் உண்டாகும் குழாய்ச் சுருளான காயில் கண்ணில் படவே இல்லை. மேலிருந்து கீழ்வரை பஞ்சு மெத்தை போல வெள்ளைப் பனி. கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் காயிலின் ஒரு பகுதியில்தான் பனி பிடிக்கும், மீதி வெறுமனே கிடக்கும். முழுசாக மூடியிருக்கிறது என்றால் சந்தேகம், பனியை அவ்வப்போது ஹீட்டரால் உருக்கிவிடும் டீஃப்ராஸ்ட் பக்கம்தான். இந்த டபுள் டோர் ரகத்தில் குளிர் உண்டாவது காயிலில். அதைக் கீழே தள்ளுவது ஃபேன். பனி அடைத்துக்கொண்டால் காற்று போக வழியில்லை. அதனால்தான் மேலே கல், கீழே கஞ்சி.

"மாம்பழ சீசன்லதான் இதுக்கு நோவு வரணுமா மாப்ள?" என்று அத்தை ஒரு பாட்டம் புலம்பினார்.

மே 11, ஞாயிறு

கதவைத் திறந்து போட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்ததில் ராத்திரியோடு எல்லாம் உருகிவிட்டது. கத்தியால் குத்திப் பெயர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காயிலில் ஓட்டை விழுந்தால் அப்போது நிஜமாகவே கேஸ் போகும்.

காயிலின் மேல் குழாயில் கிளிப் போட்டு மாட்டிய, பெரிய காசு அளவு பில்லைதான் பைமெட்டல். குளிரில் இணைந்து ஹீட்டருக்குக் கரண்ட் விடும். பனி உருகிச் சூடு ஏறியதும் துண்டித்துவிடும். ஹீட்டர், ஃப்யூஸ் இரண்டையும் மல்டிமீட்டரில் பார்த்தேன், நன்றாக இருந்தன. பைமெட்டலை மட்டும் வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஐஸும் கல்லுப்பும் கலந்த டம்ளரில் அமுக்கினேன். வெறும் ஐஸ் 0 டிகிரிதான். பல பைமெட்டல்கள் அதற்குக் கீழே போனால்தான் இணையும், அதற்குத்தான் உப்பு. இணைந்தால் மீட்டர் "பீப்" என்று கத்த வேண்டும். அரை மணி நேரம் ஆகியும் வாயே திறக்கவில்லை.

மே 12, திங்கள்

ரவுண்டானா பக்கம் ஸ்பேர் கடை. பழசைக் காட்டி, மேலே அச்சிட்ட அதே நம்பரில் வாங்கினேன். மெக்கானிக் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுக்கு வந்து அதே உப்பு ஐஸில் போட்டதும் சற்று நேரத்தில் "பீப்". வெளியே எடுத்துச் சூடானதும் சத்தம் நின்றது. ஒயர்களை கிரிம்ப் போட்டு இணைத்து, மேலே சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றினேன். சாதா இன்சுலேஷன் டேப் அந்த ஈரத்தில் நிற்காது. கிளிப்பும் பழைய இடத்திலேயே.

மே 13, செவ்வாய்

ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரசரை நிறுத்தி ஹீட்டருக்கு மாற்றிவிடும் டைமரை ஸ்க்ரூடிரைவரால் "டிக்" என்று விழும்வரை திருப்பினேன். திரும்பக் கரண்ட் கொடுத்தால் கம்ப்ரசர் சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே "சொய்ங்". அப்புறம் பின்பக்கத் தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

மே 17, சனி

பலகையை மறுபடி கழற்றிப் பார்த்தேன். காயில் முழுசும் தெரிகிறது, மேலே மெல்லிய பனிதான். கீழ்த்தட்டில் அத்தை செந்தூராவை அடுக்கியாயிற்று. பலகையின் ஒரு ஸ்க்ரூ எங்கே போனதோ தெரியவில்லை. மீதியிருப்பதே போதும், பலகை ஆடவில்லை.