காலண்டர் தாளில் வலிக்கு மார்க்

மார்ச் 4

இன்று வலி 7. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இப்படி எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். பத்துக்கு எத்தனை, அன்று என்ன நடந்தது, எப்படித் தூங்கினேன், அவ்வளவுதான்.

ஆடிட்டர் ஆபீஸில் இது தலைக்கு மேல் வேலை இருக்கும் மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூட வேலை பார்க்கும் அக்கா, "எல்லாம் டென்ஷன்தாம்மா, மனச லேசா வச்சுக்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. 17 வயதிலிருந்து இதையே கேட்கிறேன். போன வருடம் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது, செய்த பிறகுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் குடல் பக்கத்திலும் ஒட்டி வளர்ந்திருந்தது. அப்போது எனக்கு 28. டென்ஷனா அதை அங்கே கொண்டுபோய் ஒட்டியது?

மார்ச் 8

டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மன அழுத்தத்தால் இந்த நோய் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கிற வலியை அது கூட்டும் என்றார். பல வருடம் வலித்துப் பழகிய நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகக் கத்துமாம். பதற்றம் வந்தால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள வயிற்றையும் இடுப்பின் அடித்தசைகளையும் இறுக்கும். இறுக்கினால் வலி, வலித்தால் பயம், பயந்தால் மறுபடி இறுக்கம்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றிருந்த பெண்களை அரியாங்குப்பம் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 13

பிசியோதெரபி. போனில் பார்த்து, சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கும் பயிற்சியைச் செய்துவந்தேன். "உங்களுக்கு ஏற்கெனவே இறுக்கம்தான், தளர்த்தத்தான் கத்துக்கணும்" என்று பிசியோதெரபிஸ்ட் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னபடி தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் போட்டுக்கொண்டேன். ஒரு கை நெஞ்சில், ஒரு கை அடிவயிற்றில். மூச்சை இழுக்கும்போது கீழ்க்கை மட்டும் எழ வேண்டும். விடும் மூச்சு இழுப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். முதலில் வயிறு அசையவே இல்லை. எத்தனை வருடமாக அதை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறேன்! ஐந்தாறு நிமிடத்தில் தாடை தளர்ந்தது, பிறகுதான் கீழே. "தூக்கத்துல பல்லக் கடிக்கிறடி" என்று அம்மா சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

மார்ச் 19

வலி 9. மூச்சும் உதவவில்லை, வெந்நீர்ப் பையும் உதவவில்லை. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை வலி ஏறும் முன்பே போட்டிருக்க வேண்டும். 'மூச்சுப் பயிற்சி இருக்கிறதே' என்று தள்ளிப் போட்டது தப்பு. மருந்துக்குப் பதிலாக இதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. காய்ச்சலோ மயக்கமோ புதுவிதமான வலியோ வந்தால் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

மார்ச் 30

அம்மாவோடு கடலூர் சில்வர் பீச். மாலைக் காற்றில் அரை மணி நேரம் மெதுநடை. அம்மா எதுவும் கேட்கவில்லை, பேசாமல் கூடவே நடந்தார். வலி 3. இரவு தூங்கினேன்.

ஏப்ரல் 5

தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். பீரியட்ஸ் நாட்களில் எண் ஏறும், அது தெரிந்ததுதான். ஆனால் பீரியட்ஸ் முடிந்து நாளாகியும் 18, 19, 20 தேதிகளில் ஏறியிருக்கிறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள்! அந்த மூன்று நாளும் தூக்கம் நாலு மணி நேரம், மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. ஒரு மாதக் கணக்குதான். இருந்தாலும் விட மனமில்லை.

ஏப்ரல் 7

ஆபீஸில் சாரிடம் தாள்களைக் காட்டிப் பேசினேன். கை நடுங்கியது. வேலையிடத்தில் நோயின் பெயரை முதல்முறையாகச் சொன்னேன். "சரிம்மா, கிளையன்ட்கிட்ட பில் எல்லாம் 10ஆம் தேதியிலிருந்தே கேட்டு வாங்கிடலாம்" என்றார். இந்த மாதம் 18இலிருந்து எண் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.