காய்ச்சல்: உடல் எடுக்கும் முடிவு

உடம்பு அனலாகக் கொதிக்கும் குழந்தை, குளிருகிறது என்று போர்வையை ஏன் இழுத்துக்கொள்கிறது? நோய்க்கிருமிகளை எதிர்கொண்ட வெள்ளையணுக்கள் இன்டர்லூகின்-1 போன்ற புரதங்களை ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்னும் வேதிப்பொருள் உருவாகி, உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸ் காத்துவரும் வெப்ப இலக்கை 37 டிகிரி செல்சியஸிலிருந்து 39-க்கோ அதற்கு மேலோ உயர்த்திவிடுகிறது. புதிய இலக்கை எட்டும் வரை உடலுக்கு எல்லாமே குளிர்தான். எனவே தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிட்டுப்போக, தசைகள் வெடவெடவென்று நடுங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. இலக்கு பழைய நிலைக்கு இறங்கியதும் வியர்த்துக் கொட்டுகிறது.

ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் உடல் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது. பயனில்லாத ஒன்றுக்கு இவ்வளவு விலை கொடுக்குமா? 1975-இல் மாத்யூ க்ளூகரும் சகாக்களும் பாலைவன இகுவானா வகைப் பல்லிகளுக்கு பாக்டீரியாவைச் செலுத்தி வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தபோது, 42 டிகிரியில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன, 34 டிகிரியில் இருந்தவை மடிந்தன. சூடு தனியாகவும் வேலை செய்வதில்லை. தொற்று நேரத்தில் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, ரத்தத்திலுள்ள இரும்புச்சத்தைக் குறைத்துவிடுகிறது. பெருகுவதற்கு இரும்பை நாடும் பாக்டீரியாக்களுக்கு இது பெரும் நெருக்கடி.

இதை அறிந்தபின், தெர்மாமீட்டரின் எண்ணை மட்டும் பார்த்துக் குழந்தையை ஐஸ் தண்ணீரால் துடைப்பதைக் காண எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இலக்கு உயர்ந்தே இருக்கையில் தோலைக் குளிர்வித்தால் நடுக்கமும் வேதனையும்தான் கூடும். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து இலக்கையே இறக்குகிறது. குழந்தை வலியால் துவண்டிருந்தால் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். கஞ்சி குடித்து விளையாடும் குழந்தைக்கு, சூடு இருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுக்கத் தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 38 டிகிரியைத் தொட்டாலே உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலிப்பு, மூச்சுத்திணறல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் எந்த வயதிலும் அவசரம். டெங்குவில் இன்னும் கவனம் தேவை. காய்ச்சல் இறங்கும் நாள்களில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கக்கூடும் என்பதால், கடும் வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ ஈறில் ரத்தமோ தெரிந்தால், சூடு தணிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.