மார்ச் மாத கேப் கணக்கு: கை சுடும் இடங்கள்

2025 மார்ச்சில் ஒரு என்.எஃப்.எல். (அமெரிக்காவின் ஃபுட்பால் லீக்) அணியின் கேப் கணக்கை, அதாவது ஓராண்டில் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பின் கணக்கை, ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்தவர்கள் புதிய அணி தேடும் காலம்) முழுக்க வரிக்கு வரி தாளில் போட்டு வந்தேன். மூன்று ஆட்டக்காரர்களைச் சேர்த்துவிட்டுக் கூட்டினால், அணி எல்லையை 20 லட்சம் டாலர் தாண்டி நிற்கிறது. உண்மையில் 8.8 லட்சம் மிச்சம் இருந்தது. 28.8 லட்சம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க ஒரு முழு மாலை ஆனது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தொகையெல்லாம் டாலர்தான்.

பிழை, டாப் 51 விதியில். மார்ச்சில் லீக் ஆண்டு தொடங்கியதிலிருந்து சீசனின் முதல் ஆட்டம் வரை, அணியில் 90 பேர் இருந்தாலும் அதிகச் செலவுள்ள 51 பேர்தான் கணக்கு. புதிதாக ஒருவர் 60 லட்சத்துக்கு உள்ளே வந்தால், 51ஆவது இடத்தில் 9.6 லட்சத்துக்கு இருந்தவர் பட்டியலை விட்டு இறங்குகிறார். ஆகவே நிகரச் செலவு 50.4 லட்சம். நான் மூன்று பேரை ஏற்றினேன், மூன்று பேரை இறக்கவில்லை. 9.6 லட்சம் மூன்று முறை, அதுதான் 28.8.

விடுவிக்கும்போது இதே விதி எதிர்ப்பக்கம் வெட்டும். 50 லட்சம் மிச்சம் என்று நினைத்து ஒருவரை அனுப்பினால், அவர் இடத்துக்குக் கீழேயிருந்து ஒருவர் ஏறிவிடுவார்; கையில் நிற்பது 40.4 லட்சம்தான். இன்னொரு நுணுக்கம்: பட்டியலை விட்டு இறங்கியவரின் சம்பளம் மட்டும்தான் இறங்கும். அவர் சைனிங் போனஸ் (கையெழுத்திடும்போது தரும் தொகை; கேப்பில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து ஏறும்) வாங்கியிருந்தால் அதன் இந்த ஆண்டுப் பங்கு கணக்கிலேயே கிடக்கும். ஆளுக்கு 30, 40 ஆயிரம்தான். முப்பது பேருக்குச் சேர்த்துப் பாருங்கள், ஒரு குறைந்தபட்சச் சம்பளக்காரரையே எடுத்திருக்கலாம்.

தொடக்கத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று. 2025க்கான பொது கேப் 27.92 கோடி. அந்த எண்ணை உங்கள் அணியின் எல்லையாக எழுதிவிடாதீர்கள். போன ஆண்டில் செலவழிக்காமல் விட்ட தொகை இதில் கூடும். எதிர்பாராமல் எட்டப்பட்ட இன்சென்டிவ்கள் (இலக்கை எட்டினால் தரும் தொகைகள்) கழியும். அணிக்கு அணி எல்லை வேறு.

ஒப்பந்தச் செய்தியில் வரும் எண்ணைத் தாளில் ஏற்றுவது அடுத்த பெரிய தப்பு. கர்க் கசின்ஸ் 2024 மார்ச்சில் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போனார்: நான்கு ஆண்டு, 18 கோடி. ஆண்டுக்கு நாலரைக் கோடி என்று வகுத்தால் ஒரு வருடம்கூடச் சரியாக வராது. 5 கோடி சைனிங் போனஸ் நான்கு ஆண்டுக்குப் பிரிந்து, ஆண்டுக்கு 1.25 கோடி. 2024இன் பேஸ் (அடிப்படை) சம்பளம் 1.25 கோடி. ஆக முதல் ஆண்டு கேப்பில் விழுந்தது 2.5 கோடி மட்டும். 2025இல் பேஸ் 2.75 கோடி, மொத்தம் 4 கோடி. 2026இல் பேஸ் 3.5, ரோஸ்டர் போனஸ் (குறித்த நாளில் அணியில் இருந்தால் கிடைப்பது) 1, போனஸ் பங்கு 1.25, மொத்தம் 5.75 கோடி. சைனிங் போனஸ்தான் பிரியும், அதுவும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு. ரோஸ்டர் போனஸ் அந்தந்த ஆண்டிலேயே முழுசாக விழும். பெயரில் இரண்டும் போனஸ் என்பதால் ஒன்றாகப் போட்டுத் தொலைக்கிறோம்.

அதே ஒப்பந்தத்தை வைத்தே வெளியேறும் கணக்கையும் பார்த்துவிடலாம். 2025 மார்ச்சில் கசின்ஸை விடுவித்திருந்தால் பிரியாமல் மிச்சமிருந்த போனஸ் 3.75 கோடி, கேரண்டியான (அனுப்பினாலும் கொடுத்தே ஆக வேண்டிய) சம்பளம் 2.75 கோடி, ஆக 6.5 கோடி டெட் மணி, அதாவது அணியில் இல்லாத ஆளுக்காகக் கேப்பில் நிற்கும் தொகை. வைத்திருந்தால் 4 கோடி. அனுப்புவதற்கு 2.5 கோடி கூடுதலாக ஆகும். இரண்டாம் ஆண்டின் கேரண்டியை எழுதிக் கொடுத்த அன்றே இந்தக் கதவு பூட்டியாகிவிட்டது. ஒரு ஒப்பந்தம் மோசமா நல்லதா என்று பார்க்க மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். எந்த ஆண்டின் எந்தத் தேதியில் அதைவிட்டு வெளியே வர முடியும் என்று பாருங்கள். கசின்ஸ் ஒப்பந்தத்தில் 2026இன் அந்த 1 கோடி ரோஸ்டர் போனஸ், 2025 லீக் ஆண்டின் ஐந்தாம் நாளிலேயே கேரண்டியானது. இப்படி ஒரு வருடம் முன்னதாகவே உறுதியாகிற தொகையைத் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இப்போது ஜூன் 1. என்னைக் கேட்டால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஒருவருக்குப் பேஸ் 1.2 கோடி, இந்த ஆண்டு போனஸ் பங்கு 40 லட்சம், அடுத்த இரண்டு ஆண்டுக்கும் தலா 40 லட்சம் என்று வையுங்கள். மார்ச்சில் நேராக விடுவித்தால் எல்லாப் பங்கும் இந்த ஆண்டுக்கே ஓடிவரும்: டெட் மணி 1.2 கோடி, மிச்சம் வெறும் 40 லட்சம். மார்ச்சிலேயே விடுவித்து, அதை ஜூன் 1க்குப் பிந்தைய விடுவிப்பு என்று குறித்துவிட்டால் இந்த ஆண்டு 40 லட்சம், அடுத்த ஆண்டு 80 லட்சம், மிச்சம் 1.2 கோடி. படிக்க இனிக்கும். ஆனால் அந்த 1.2 கோடி ஜூன் 2 அன்றுதான் கைக்கு வரும். அதுவரை அவருடைய முழு 1.6 கோடியும் கேப்பில் உட்கார்ந்திருக்கும், ஆள் வேறு அணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும்கூட. மார்ச்சில் ஒரு ஃப்ரீ ஏஜென்டை வாங்க இந்தப் பணம் ஒரு காசுக்கும் உதவாது. இப்படிக் குறிக்க அணிக்கு இரண்டே பேர். உண்மையாகவே ஜூன் 1 தாண்டி விடுவித்தால் எண்ணிக்கை வரம்பு இல்லை, ஆனால் அதுவரை வைத்திருந்தால் மார்ச் ரோஸ்டர் போனஸைக் கொடுத்தாக வேண்டும்.

இதன் உச்சம் டென்வர் பிராங்கோஸ் 2024இல் ரஸல் வில்சனை விடுவித்தது. 8.5 கோடி டெட் மணி; 2024இல் 5.3, 2025இல் 3.2 என்று பிரித்தார்கள். அவருக்கு டென்வர் கொடுக்கக் கடமைப்பட்டிருந்த 3.9 கோடியில் ஆஃப்செட் விதி இருந்தது. புதிய அணி எவ்வளவு கொடுத்தாலும் அது டென்வரின் பாக்கியில்தான் கழியும். ஆகவே பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குறைந்தபட்சமான 12.1 லட்சத்துக்கே அவரை எடுத்தது. விடுவிக்கப்பட்ட பெரிய பெயர் சந்தைக்கு வந்தால் முதலில் பழைய அணியின் ஆஃப்செட்டைப் பாருங்கள்.

மார்ச்சில் உண்மையிலேயே உடனே பணம் வேண்டுமென்றால் வழி ரீஸ்ட்ரக்சர்தான். 2025இல் பேஸ் 1.617 கோடி உள்ளவருக்குக் குறைந்தபட்சமான 11.7 லட்சத்தை விட்டுவிட்டு 1.5 கோடியைச் சைனிங் போனஸாக மாற்றுகிறோம். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டு மிச்சம், இரண்டு வாய்ட் ஆண்டு (ஆட்டம் இல்லாமல் கணக்குக்காக மட்டும் சேர்ப்பது) சேர்த்தால் ஐந்து, தலா 30 லட்சம். இன்றைக்கு 1.2 கோடி இடம் பிறந்தது. 2028இல் ஒப்பந்தம் தானாக முடியும்போது அந்த இரண்டு வாய்ட் ஆண்டின் 60 லட்சமும் ஒரே நாளில் வந்து விழும், அணியில் இல்லாத ஆளுக்காக. டாம் பிரேடி ஓய்வு பெற்ற 2023இல் டாம்பா பே இப்படி 3.5 கோடிக்கு மேல் சுமந்தது. சம்பளத்தை மாற்றுவதற்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அணிக்கே உரிமை உண்டு. புதிதாக வாய்ட் ஆண்டு சேர்க்க ஆட்டக்காரரின் கையெழுத்து வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் கடைசி நாளுக்கு விட்டுவிடக் கூடாது.

ஆட்டத்துக்கு ஆட்டம் கிடைக்கும் போனஸை முழுதாக ஏற்றாதீர்கள். ஆட்டத்துக்கு 50 ஆயிரம், 17 ஆட்டம், 8.5 லட்சம். போன சீசனில் அவர் 9 ஆட்டம் ஆடியிருந்தால் இப்போது கணக்கில் வருவது 4.5 லட்சம். பத்தாவது ஆட்டத்திலிருந்து மிச்சம் வந்து சேரும். காயத்திலிருந்து திரும்புகிறவரை எடுக்கும்போது அணிகள் இதை விரும்புவது இதனால்தான். நான்கு சீசனோ அதற்கு மேலோ முடித்தவரைக் குறைந்தபட்சத்துக்கு ஓராண்டு எடுத்தாலும் சலுகை உண்டு: 2025இல் 12.55 லட்சம் வாங்குபவர் கேப்பில் 10.3 லட்சமாகத்தான் பதிவாவார்.

எண்கள் சரியாக இருந்தும் தாள் வேலையில் கவிழ்ந்த அணிகள் உண்டு. 2013 மார்ச்சில் டென்வர் அணியின் எல்விஸ் டூமர்வில் தன் சம்பளத்தை 1.2 கோடியிலிருந்து 80 லட்சமாகக் குறைக்க ஒப்புக்கொண்டார். கையெழுத்திட்ட தாள் டென்வர் நேரம் பிற்பகல் 2 மணிக்குள் ஃபேக்ஸில் வர வேண்டும். சில நிமிடம் பிந்தியது. முழுத் தொகையும் கேரண்டி ஆகிவிடும் என்பதால் அணி அவரை விடுவித்தது. அவர் பால்டிமோர் போய்விட்டார். அதே பால்டிமோர் 2018இல் ரயன் கிரான்டுடன் நான்கு ஆண்டு, 2.9 கோடிக்குப் பேசி முடித்தது. மருத்துவச் சோதனையில் தேறவில்லை என்று கைவிட்டது. கையெழுத்தும் மருத்துவச் சோதனையும் முடியும்வரை ஒப்பந்தத்தைத் தாளில் பென்சிலால்தான் எழுத வேண்டும்.

லீக் ஆண்டு பிறப்பதற்கு முந்தைய இரண்டு நாள் பேச்சு வாய்ப்பிலும் எச்சரிக்கை தேவை. 2024 விதிப்படி அணி பேச வேண்டியது ஏஜென்டிடம் மட்டும். கசின்ஸிடமும் வேறு இருவரிடமும் நேரடியாகத் தொடர்புகொண்டதற்காக ஃபால்கன்ஸ் 2025 டிராஃப்டின் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஐந்தாம் சுற்று வாய்ப்பையும் 2.5 லட்சம் டாலரையும் இழந்தது.

அவசரமில்லாத ஆளை டிராஃப்ட் முடிந்த திங்கட்கிழமை கிழக்கு நேரம் மாலை 4 மணிக்குப் பிறகு எடுங்கள். 2025இல் அது ஏப்ரல் 28. அதற்கு முன் எடுத்தால் நீங்கள் இழந்த ஃப்ரீ ஏஜென்ட்களுக்கு ஈடாக லீக் தரவேண்டிய டிராஃப்ட் வாய்ப்பை அவர் அடித்துவிடலாம். பழைய அணி விடுவித்தவருக்கு இந்தக் கவலையே இல்லை. ஒப்பந்தம் முடிந்து வருகிறவர்தான் அந்தக் கணக்கில் சேர்வார்.

மார்ச்சில் மிச்சம் காட்டும் தாள் செப்டம்பரில் இடிப்பதும் உண்டு. முதல் ஆட்டத்தோடு டாப் 51 போய்விடும். 53 பேரும், காயப் பட்டியலில் உள்ளவர்களும், 16 பேர் பயிற்சிக் குழுவும் சேர்ந்து ஏறுவார்கள். 2025இன் வாரம் 13 ஆயிரம் வீதம் 18 வாரத்துக்குப் பயிற்சிக் குழுவுக்கு மட்டும் 37.44 லட்சம். 52ஆவது, 53ஆவது ஆளுக்கு 18 லட்சம்போல. காயமடைந்தவருக்கு மாற்றாக வருபவர்களுக்கு நான் 40 லட்சம் ஒதுக்குகிறேன். ஏறத்தாழ ஒரு கோடி. இதை மார்ச் தாளின் முதல் வரியிலேயே கழித்துக்கொள்ளுங்கள். ஜூன் 2 அன்று பணம் வர வேண்டியிருந்தால் மட்டும் அந்த வரியை அதற்கு எதிராக நிறுத்தலாம்.