பழைய பி450 போர்டை வைத்துக்கொண்டே கேமிங் பிசியைத் தேற்றுவது

ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. 2018, 2019 வாக்கில் அசெம்பிள் செய்த பிசிக்களில் அடிக்கடி பார்க்கும் செட் இது. புது கேம் திணறினால் எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும். வேண்டாம், அந்த போர்டில் இன்னும் உயிர் இருக்கிறது.

முதலில், எது பின்னால் இழுக்கிறது என்று பாருங்கள். கேமின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டும் வி-சிங்க், எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் உபயோகத்தைக் கவனியுங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. 60, 70 என்று ஆடினால் பிராசசர் அல்லது ரேம். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையென்றால் புது கார்டு வாங்கினாலும் ஏறாது. பிராசசர் உபயோகம் 40 சதவீதம்தான் காட்டுகிறது என்று ஏமாறாதீர்கள். கேமின் பெரும்பாரம் ஓரிரு கோர்களில் குவியும். மற்றவை சும்மா இருக்கும்.

ஒரே ஸ்டிக் ரேம் என்றால் சோதனையே தேவையில்லை, அதை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால்தான் பிராசசர் ரேமோடு இரண்டு பாதைகளில் பேசும். 8 ஜிபி இரண்டு சேர்ந்த டிடிஆர்4 3200 கிட் போதும். பழைய ஸ்டிக்கோடு வேறொன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் ஓடும், ஆனால் இரண்டில் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள்.

அதிகம் பணம் வீணாவது கார்டில்தான். கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ. பி450-இல் கார்டுக்குக் கிடைப்பது அதன் 3.0 பதிப்பு. விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கினால், அது அந்தப் பாதையின் நான்கு லேனில் (தடத்தில்) மட்டுமே பேசும் கார்டு, மெமரியும் 4 ஜிபிதான். மெமரி நிரம்பியதும் சிஸ்டம் ரேமிலிருந்து தரவை இழுக்கும். 4.0 போர்டில் கிடைக்கும் பாதையில் பாதிதான் இங்கே இருப்பதால் கேம் விக்கி விக்கி நகரும். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு லேன், 8 ஜிபி மெமரி. இந்த போர்டில் அதற்கு இழப்பு மிகச் சொற்பம். 1080-இல் விளையாடுபவருக்கு அதையே சொல்வேன்.

கார்டுக்குப் பணம் கொடுக்கும் முன் கேபினெட்டைத் திறந்து, பிசிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். 1050 டிஐ 75 வாட்டை ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் பல பிசிக்களில் கார்டுக்கான 6+2 பின் கேபிளே இல்லாத மலிவு எஸ்எம்பிஎஸ் உட்கார்ந்திருக்கும். 6600 இழுப்பது 132 வாட். தரமான 450 வாட் யூனிட் போதும். மோலெக்ஸ் எனப்படும் பழைய நான்கு பின் பிளக்கிலிருந்து கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள், உருகும். 4+4 என்று பிரியும் கேபிள் பிராசசருக்கானது, அதைக் கார்டில் செருகாதீர்கள். அதில் 12 வோல்ட் வரும் பக்கமே வேறு. கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் பழைய யூனிட்டின் கேபிள்களை அதில் மாட்டவே கூடாது. பிளக் பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், கார்டும் டிஸ்கும் ஒரே நொடியில் போய்விடும்.

பிராசசர்தான் தடை என்றால் ரைசன் 5 5600. பெயரில் நெருக்கமான 5500-ஐக் கடையில் நீட்டுவார்கள். அதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பி, 5600-இல் 32. கேமில் இந்த வித்தியாசம் தெரியும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை, அதாவது பிசியைத் தொடக்கும் போர்டின் மென்பொருளை, அப்டேட் செய்துவிடுங்கள். பழைய பதிப்புக்குப் புது பிராசசரைத் தெரியாது. கழற்றிய பிறகு நினைவு வந்தால் திரையே வராது. ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவ், கரண்ட் போனாலும் தாங்கும் யுபிஎஸ், இரண்டும் கட்டாயம். சில போர்டுகளில் இடையில் ஒரு பதிப்பைப் போட்டுத்தான் புதியதற்குப் போக முடியும் என்பதால் தயாரிப்பாளர் பக்கத்தில் உள்ள குறிப்பைப் படியுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதை இடைநிறுத்தி, ரெகவரி கீயையும் எடுத்து வையுங்கள்.

கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டி, பிறகு அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பேஸ்ட் சூட்டில் இளகியிருக்கும். நேராகத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். இந்த போர்டின் சாக்கெட்டான ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருக்கின்றன, மொத்தம் 1331. காய்ந்த பேஸ்ட் விடாமல் பிடித்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசர் கூலரோடு பிய்ந்து வரும், பின்கள் வளையும்.

எல்லாம் மாட்டியதும் பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 ரேம் 2133 அல்லது 2400-இலேயே கிடக்கும். பிராசசர் இன்னும் 2600 என்றால் 3200-இல் பூட் ஆகாமல் போகலாம். சிமாஸை கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்குகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து) ரேம் வேகத்தை 2933 வையுங்கள்.